ஓரமாகப் போனால் போதும் என்று நினைத்திருந்தேன்: சைக்கிளில் புதிதாகச் சாலைக்கு வந்தவளின் கேள்விகள்

புதுமிதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் சைக்கிள் ஏறியிருக்கிறேன். வேலைக்குப் போகும் வழி ஏழு கிலோமீட்டர். அதில் நான்கு கிலோமீட்டர் பெரிய சாலை. தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. மிதிப்பதை உடம்பு மறக்கவில்லை. சிறுவயதில் நான் ஓட்டியதெல்லாம் ஆளில்லாத தெருக்களில் என்பதைத்தான் நான் மறந்துவிட்டிருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை சாலையின் ஓரக்கோட்டை ஒட்டியே போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ் வேகத்தைக் குறைக்காமல், முழங்கையை உரசிவிடும் நெருக்கத்தில் முந்தியது. பயத்தில் இன்னும் ஓரமாக ஒதுங்கினேன். தார் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் நான்கு விரற்கடை பள்ளம். முன்சக்கரம் இறங்கிவிட்டது, திருப்பி ஏற்றப் பார்த்தேன், ஏறவில்லை, நான் விழுந்தேன். உள்ளங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. பஸ் நிற்கவில்லை. ஓட்டுநருக்கு நான் விழுந்ததே தெரிந்திருக்காது.

மறுநாள் வேறு சாலையில் போனேன். அங்கே ஓரம் முழுவதும் கார்கள் நிறுத்தியிருந்தார்கள். அவற்றை ஒட்டிப் போனபோது ஒரு கதவு திறந்தது. ஒரு சாண் இடைவெளியில் தப்பினேன். அதன் பிறகு இரண்டு நாள் சைக்கிளைத் தொடவில்லை.

என் கேள்விகள்: ஓரமாகப் போவதுதானே பாதுகாப்பு? அதற்கும் மேலே எங்கே ஒதுங்குவது? பின்னால் வருவதைப் பார்க்கக் கண்ணாடி மாட்டலாமா? இதெல்லாம் போகப்போகப் பழகிவிடுமா, அல்லது இந்தப் பயம் சரியான பயம்தானா?


பழையசெயின் எழுதியது:

பயம் சரியான பயம்தான் அம்மா. ஒதுங்கிய திசைதான் தவறு.

நீங்கள் செய்ததைத்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்கிறார்கள். நானும் செய்தேன். ஓரம் என்பது சாலையின் குப்பைத்தொட்டி. கண்ணாடிச் சில்லு, சரளை, வடிகால் மூடி, உடைந்த தார் எல்லாம் வண்டிச் சக்கரங்கள் தள்ளித் தள்ளி அங்கேதான் வந்து சேரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நீங்கள் கோட்டை ஒட்டிப் போகும்போது பின்னால் வருகிறவர் என்ன பார்க்கிறார்? தன் தடத்தில் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் இருப்பதைப் பார்க்கிறார். ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே முந்திவிடலாம் என்று நினைக்கிறார். முந்துவதற்கு முடிவு எடுக்க வேண்டிய தேவையே அவருக்கு எழவில்லை. அந்தப் பஸ் ஓட்டுநர் உங்களை இடிக்க வரவில்லை. அவர் நேராகப் போனார், அவ்வளவுதான்.

ஓரத்திலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே வாருங்கள். அப்போது முந்த நினைப்பவர் பக்கத்துத் தடத்துக்கு நகர வேண்டும். அங்கே காலியாக இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். எதிர்பாராமல் யாராவது நெருங்கினாலும் உங்கள் பக்கத்தில் ஒரு மீட்டர் சேமிப்பு இருக்கும். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு இல்லாமல் போனது அந்தச் சேமிப்புதான்.

சாலை குறுகும் இடத்தில், கூட்டுச்சாலைக்கு முன்னால், வளைவில், இன்னும் உள்ளே வந்து தடத்தின் நடுவிலேயே போங்கள். அகலமான இடம் வந்ததும் மறுபடி ஓரப்பக்கம் நகர்ந்து வழிவிடுங்கள். நாள் முழுக்க நடுவில் போகச் சொல்லவில்லை. யாரும் முந்தக்கூடாத இடத்தில் முந்த வழி தராதீர்கள் என்கிறேன்.

நிறுத்திய கார்களைப் பற்றி: கதவு முழுதாகத் திறந்தால் ஒரு மீட்டருக்கும் மேலே நீளும். உங்கள் ஹேண்டில்பாரின் முனை அதற்கு வெளியே இருக்க வேண்டும். கார்களுக்கு நடுவே காலி இடம் வந்தால் அதற்குள் நுழைந்து நுழைந்து வெளியே வராதீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் மறைந்து மறைந்து தோன்றுவீர்கள். நேர்க்கோட்டில் போங்கள்.


மழைக்காகம் எழுதியது:

ஐயா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு மீட்டர் உள்ளே போனால் பின்னால் ஹாரன் அடித்தே காதைக் கிழித்துவிடுவார்கள். எனக்குப் பின்னால் வருவதுதான் பயம், முன்னால் வருவது பயமில்லை. அதனால் நான் எதிர்ப்பக்கமாக ஓட்டுகிறேன். வருகிற வண்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். நான்கு ஆண்டுகளில் ஒன்றும் ஆகவில்லை.


கணக்குப்பிள்ளை எழுதியது:

மழைக்காகம் அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். சிலேட்டை எடுத்துக்கொள்வோம்.

நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டர், கார் 40. இருவரும் ஒரே திசையில் போனால் கார் உங்களை நெருங்கும் வேகம் 20. எதிரும் புதிருமாக வந்தால் 60. ஐம்பது மீட்டர் தூரத்தில் காரோட்டி உங்களைப் பார்க்கிறார் என்று வையுங்கள். முதல் வகையில் அவருக்குக் கிடைப்பது ஒன்பது விநாடி. இரண்டாவதில் மூன்று. அந்த மூன்று விநாடியில் நீங்களும் அவரும் ஒரே பக்கம் ஒதுங்கவும் வாய்ப்பு உண்டு. ஒரே திசையில் போகும்போது அவர் வேகத்தைக் குறைத்து உங்கள் பின்னாலேயே வரலாம். எதிரெதிரே வரும்போது அந்த வழி கிடையாது.

இதைவிட மோசம் சந்திப்புகள். கிளைச் சாலையிலிருந்து வெளியே வருகிறவர் வண்டிகள் வரும் பக்கத்தைத்தான் பார்ப்பார். நீங்கள் அவர் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரச் சந்திப்புகளை வைத்து 1994-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, எதிர்த்திசையில் ஓட்டுகிறவர்களுக்கு மோதல் ஆபத்து சராசரியாக 3.6 மடங்கு என்று கணக்கிட்டது. நடைபாதையில் எதிர்த்திசையாகப் போனவர்களும் அந்த ஆய்வில் உண்டு. அங்கும் கதை அதேதான்.

நான்கு ஆண்டுகளாக ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்புகிறேன். அதற்குக் காரணம் எதிரே வந்தவர்கள் கவனமாக இருந்ததுதான் என்றும் நம்புகிறேன்.


மழைக்காகம் எழுதியது:

நடந்து போகிறவர்களை மட்டும் எதிர்ப்பக்கம் நடக்கச் சொல்கிறார்களே, அது எப்படி?


கணக்குப்பிள்ளை எழுதியது:

நல்ல கேள்வி. நடப்பவர் ஓரடியில் நின்றுவிடுவார். பக்கவாட்டில் ஓரடி எடுத்து வைத்துப் புல்லில் ஏறிவிடுவார். சைக்கிளை நிற்க வைக்கப் பல மீட்டர் வேண்டும், பக்கவாட்டில் அது நகரவே நகராது. விதியின் காரணம் வேகத்தில் இருக்கிறது. காரணம் மாறினால் விதியும் மாறும்.


வடக்குமுனை எழுதியது:

ஒரு சிறு வேண்டுகோள். நான் இருக்கும் நாட்டில் வண்டிகள் வலப்பக்கம் போகும். இந்த இழையில் இதுவரை யாரும் இடம் வலம் என்று எழுதாமல் ஓரம், உள்ளே என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே தொடருங்கள். போன முறை ஒருவருடைய அறிவுரையை அப்படியே பின்பற்றி நான் பள்ளத்தில் நின்றேன்.


லாரிக்காரன் எழுதியது:

பதினேழு ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறேன். சைக்கிள் ஓட்டுவதில்லை. இந்த இழையை என் மகள் காட்டினாள். சாலையை என் இருக்கையிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்லலாம் என்று வந்தேன்.

முதலாவது, என் கண் உங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. முன்கண்ணாடிக்குக் கீழே, வண்டியின் மூக்கை ஒட்டி நிற்கும் ஆள் எனக்குத் தெரியமாட்டார். ஓரப்பக்கக் கதவை ஒட்டி நிற்கும் ஆளும் தெரியமாட்டார். பக்கக் கண்ணாடிகள் நிறைய வைத்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் பார்க்க முடியும். நான்காவதைப் பார்க்கும்போது முதலாவதில் காட்சி மாறியிருக்கும். என் கண்ணாடியில் என் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்கள் எனக்குக் கட்டாயம் தெரியமாட்டீர்கள். என் முகம் தெரிந்தாலும் நான் உங்களைப் பார்த்துவிட்டேன் என்று பொருளில்லை.

இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது. ஓரப்பக்கமாகத் திரும்ப வேண்டும் என்றால் நீளமான வண்டி முதலில் எதிர்ப்பக்கம் சற்று விலகும். அப்படி விலகாமல் திருப்பினால் பின்சக்கரம் முனையில் ஏறிவிடும். நான் அப்படி விலகும்போது ஓரத்தில் ஒரு பெரிய இடைவெளி திறக்கும். சைக்கிள்காரர் பார்க்கிறார், லாரி எனக்கு வழிவிடுகிறது என்று எண்ணி உள்ளே நுழைகிறார். நான் திருப்புகிறேன். என் முன்சக்கரம் போன பாதையில் பின்சக்கரம் போகாது, குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். திறந்த கதவு மூடுவதுபோல அந்த இடைவெளி மூடும். முன்பகுதி தாண்டிவிட்டது, தப்பிவிட்டோம் என்று நினைக்கிற நேரத்தில் பின்சக்கரம் வந்து சேரும்.

ஒரு முறை எனக்கு முன்னால் போன வண்டியில் அது நடந்தது. விவரம் எழுத மாட்டேன். அன்றிலிருந்து திருப்பும்போது சக்கரத்தை நத்தை வேகத்தில்தான் உருட்டுகிறேன். பின்னால் ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும்.

லாரிக்கோ பஸ்ஸுக்கோ ஓரப்பக்கம் சந்து தெரிந்தால் நுழையாதீர்கள். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் நுழையாதீர்கள். திரும்பும் விளக்கு எரியவில்லை என்பதையும் நம்பாதீர்கள். அது எரியாத வண்டிகளை நானே ஓட்டியிருக்கிறேன்.


புதுமிதி எழுதியது:

படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. நான் தினமும் சிக்னலில் அதைத்தான் செய்கிறேன். எல்லோரும் நிற்கும்போது ஓரச் சந்து வழியாக முன்னால் போய்விடுவேன். முன்னால் லாரி நின்றால் நான் எங்கே நிற்பது?


லாரிக்காரன் எழுதியது:

பின்னால், சகோதரி. தடத்தின் நடுவில், என் இரண்டு கண்ணாடிகளில் ஒன்றிலாவது விழும் அளவுக்குத் தள்ளி. எனக்கு முன்பே நீங்கள் முன்னால் வந்து நின்றுவிட்டால், நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று, ஒரு முறை திரும்பி என்னைப் பாருங்கள். நான் தலையசைத்தால் உங்களைப் பார்த்துவிட்டேன். பச்சை விழுந்ததும் முந்திக்கொண்டு போக வேண்டும் என்பதில்லை. நிதானமாக ஏறுங்கள், காத்திருப்பேன். எனக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.


இரண்டாம்கியர் எழுதியது:

லாரிக்காரர் திரும்பிப் பாருங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டார். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் கடினம். நான் பெரியவர்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுக்கிறேன். ஐம்பது வயதில் முதல் தடவை ஏறியவர்களும் என்னிடம் கற்றிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒரே குறை: தலையைத் திருப்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கை இழுக்கும், கை இழுத்தால் வண்டி தலை திரும்பிய பக்கமே போகும். பின்னால் வருவதைப் பார்க்கப் போய் அதன் முன்னாலேயே விழுவார்கள்.

இதற்கு ஒரே மருந்து காலி மைதானம். தரையில் ஒரு கோடு இருந்தால் நல்லது. கோட்டின் மேலேயே போங்கள். பின்னால் ஒருவரை நிற்க வைத்து விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும், சக்கரம் கோட்டை விட்டு விலகக்கூடாது. முதல் நாள் எல்லோரும் விலகுவார்கள். திரும்பும் பக்கத்துக் கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு திரும்பினால் எளிதாக வரும். நான்கைந்து நாளில் கைகூடிவிடும். அதன் பிறகு அதே மைதானத்தில் கையை நீட்டிச் சைகை காட்டுவது. ஒற்றைக் கையால் ஓட்டத் தெரியாதவர் சைகை காட்டமாட்டார். சைகை காட்டாதவர் திடீரென்று திரும்புவார்.

கண்ணாடி கேட்டிருந்தீர்கள். மாட்டுங்கள், நல்லதுதான். ஆனால் கண்ணாடி உங்களுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும், திரும்பிப் பார்ப்பது பின்னால் இருப்பவருக்கு உங்களைக் காட்டும். தலை திரும்பியதைப் பார்த்ததுமே பெரும்பாலான ஓட்டுநர்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார்கள். இந்தப் பெண் ஏதோ செய்யப்போகிறாள் என்று அவர்களுக்குத் தோன்றிவிடும். முகம் தெரிந்துவிட்டால் நீங்கள் சைக்கிள் அல்ல, ஆள்.

இன்னொன்று: சிக்னலில் நிற்பதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். கனமான கியரில் நின்றால் கிளம்பும்போது தள்ளாடுவீர்கள். வண்டிகள் உங்களைச் சுற்றி நெருக்கமாக இருப்பதும் அந்த முதல் மூன்று விநாடியில்தான்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

அக்கா சொன்ன மைதானத்திலேயே பிரேக்கையும் பழகலாம். முன்பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்று பயந்து பின்பிரேக்கை மட்டும் பிடிக்கிறவர்கள் மிகப் பலர். வண்டி வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு நகரும். பின்சக்கரம் லேசாகிச் சறுக்கும். நிறுத்தும் வலு முன்னால்தான் இருக்கிறது.

மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 5.6 மீட்டர். ஆபத்தைக் கண்டு விரல் மடங்க ஒரு விநாடி ஆகிறது என்றால், பிரேக் பிடிக்குமுன்பே 5.6 மீட்டர் போய்விட்டது. உலர்ந்த சாலையில் இரண்டு பிரேக்கும் நன்றாகப் பிடித்தால் மேற்கொண்டு மூன்று மீட்டர் சொச்சத்தில் நிற்கலாம். பின்பிரேக் மட்டும் என்றால் அந்த மூன்று ஏறக்குறைய ஆறாகும். வேகம் 30 ஆனால், இரண்டு பிரேக்கும் பிடித்தும் ஏழு மீட்டர் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டேகால் மடங்கு. சக்கர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ளவர்கள் மழையில் இந்தக் கணக்கையெல்லாம் மறந்துவிடுங்கள். ரிம்மிலிருந்து தண்ணீர் வழித்தெடுக்கப்படும் வரை ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும்.

முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்துங்கள், உடம்பைப் பின்னால் தள்ளி, கையை விறைப்பாக ஊன்றுங்கள். திடீரென்று மொத்தமாகப் பிடித்தால்தான் குப்புற விழுவது. வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும்போது பிடிக்காதீர்கள். திரும்புமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.


மின்மினி எழுதியது:

விளக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. டென்மார்க்கின் ஓடன்சே நகரில், பகலிலும் எந்நேரமும் எரியும் விளக்கு பொருத்தி 3,845 சைக்கிள் ஓட்டிகளை வைத்துச் சோதித்தார்கள். விளக்கு வைத்திருந்தவர்களுக்குக் காயம் ஏற்பட்ட விபத்துகள் 19 சதவீதம் குறைவு. அதே நாட்டில் பிறகு 6,793 பேரை வைத்துப் பளீர் மஞ்சள் சட்டையைச் சோதித்தார்கள். அணிந்தவர்களுக்குப் பிறருடன் மோதிய காய விபத்துகள் 47 சதவீதம் குறைந்திருந்தன. யார் எந்தக் குழு என்பது ஓட்டியவர்களுக்கே தெரியும், விபத்தைச் சொன்னதும் அவர்களே. அந்தச் சாய்வைத் திருத்திய பின்பும் 38 சதவீதம் நின்றது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பளீர் மஞ்சள் பகலுக்கு மட்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அந்த நிறம் அப்படி ஒளிர்கிறது. இரவில் தெருவிளக்கின் கீழ் அது வெறும் வெளிர்துணி. இரவுக்கு வேண்டியது ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை. அதை முதுகில் ஒட்டுவதைவிடக் கணுக்காலில் கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் இரண்டு புள்ளிகளைக் கண்டதும் அது ஆள் என்று மூளை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். முதுகில் அசையாமல் ஒளிரும் பட்டை பலகையாகவும் இருக்கலாம், கம்பமாகவும் இருக்கலாம்.

ஹெல்மெட் கட்டாயம் அணியுங்கள். சொல்ல வேண்டியதே இல்லை.


வடக்குமுனை எழுதியது:

சொல்ல வேண்டியது இருக்கிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இயன் வாக்கர் என்ற உளவியலாளர் 2006-இல் தன் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு ஓட்டினார். 2,300-க்கும் மேற்பட்ட முந்தல்களை அளந்தார். ஹெல்மெட் அணிந்திருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 செண்டிமீட்டர் நெருக்கமாக முந்தின. இவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று ஓட்டுநர்கள் அலட்சியமாகிறார்கள்.


மின்மினி எழுதியது:

அதே ஆய்வின்போது அவரை ஒரு பஸ்ஸும் ஒரு டிரக்கும் இடித்தன. இரண்டு முறையும் அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. அதற்காக நான் உங்கள் பக்கம் வாதாடவா, என் பக்கம் வாதாடவா? அந்தத் தரவை 2013-இல் வேறு இருவர் மறுபடி ஆராய்ந்து, பாதுகாப்பான தூரத்தில் முந்திய வண்டிகளுக்கிடையே உள்ள வித்தியாசம்தான் அது, ஒரு மீட்டருக்குள் நெருங்கிய முந்தல்களில் ஹெல்மெட்டால் மாற்றம் தெரியவில்லை என்றார்கள்.


கணக்குப்பிள்ளை எழுதியது:

வாக்கர் பேச்சு வந்ததால் பழையசெயின் ஐயாவிடம் ஒரு கேள்வி. அந்த ஆய்விலேயே, ஓரத்திலிருந்து தள்ளி ஓட்ட ஓட்ட, முந்தும் வண்டிகள் விட்ட இடைவெளி குறைந்தது என்றும் இருக்கிறது. ஒரு மீட்டர் உள்ளே வா என்கிற உங்கள் உபதேசத்துக்கு அது இடிக்கிறதே?


பழையசெயின் எழுதியது:

இடிக்கிறது. மறைக்க மாட்டேன். ஆனால் இதையும் பாருங்கள். ஓரத்தில் போகும்போது வண்டி எனக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் விடலாம். நான் தடுமாறினால் விழப்போவது பள்ளத்தில். உள்ளே போகும்போது சில செண்டிமீட்டர் குறையலாம். ஆனால் என் மறுபக்கத்தில் ஒரு மீட்டர் எனக்கே எனக்காக இருக்கிறது. அந்தச் செண்டிமீட்டர்களை அவர் தருகிறார், இந்த மீட்டரை நான் வைத்திருக்கிறேன். பிறர் தருவதைவிட நான் வைத்திருப்பதையே நம்புவேன். மேலும், சந்திப்புகளில் கிளைச் சாலைக்காரர் கண்ணில் சீக்கிரம் படுவது உள்ளே போகிறவர்தான். ஓரத்தில் போகிறவர் நிறுத்திய வண்டிக்கும் மரத்துக்கும் பின்னால் மறைந்து போகிறார்.

ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் விட்டுத்தான் சைக்கிளை முந்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சட்டம் அளவைச் சொல்லும். அளவுகோலை யாரும் கையில் எடுத்துக்கொண்டு வருவதில்லை.


நெறியாளர் எழுதியது:

ஹெல்மெட் பற்றிய அடுத்த பதினொரு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். ஒன்றை மட்டும் இங்கே விட்டு வைக்கிறேன்: ஐரோப்பியத் தரமான இஎன் 1078-இல் ஹெல்மெட்டைத் தட்டையான பரப்பில் மோதவிடும் வேகம் விநாடிக்கு 5.42 மீட்டர், அதாவது மணிக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தானாக விழும் விழுகைக்கு அது நல்ல துணை. லாரிக்கு அல்ல. மேற்கொண்டு சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.


பழையசெயின் எழுதியது:

எல்லோரும் பிறர் தவறைப் பேசுகிறோம். என் தவறு ஒன்றைச் சொல்கிறேன், புதுமிதிக்குப் பயன்படும்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. நீண்ட வரிசையாக வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. ஓரத்தில் எனக்கு அழகான காலி இடம். நான் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். நிற்கிற கார்களைத் தாண்டிப் போவதில் ஒரு கர்வம் வேறு. வரிசையில் ஓரிடத்தில் ஒரு வேன் முன்னால் நகராமல் இடைவெளி விட்டு நின்றது. என்ன தாராளம் என்றுகூட யோசிக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து கிளைச் சாலைக்குள் திரும்ப ஒரு கார் காத்திருந்தது. அதற்குத்தான் வேன் வழிவிட்டிருக்கிறது. கார் அந்த இடைவெளியில் புகுந்து வந்தது, நான் அதன் பக்கவாட்டில் போய் மோதினேன். காறை எலும்பு முறிந்தது. கார்க்காரர் என்னைப் பார்த்திருக்க வழியே இல்லை, நானும் அவரைப் பார்த்திருக்க வழியில்லை. இருவருக்கும் நடுவில் அந்த நல்ல மனிதரின் வேன்.

நின்ற வரிசையில் ஓர் இடைவெளியைக் கண்டால் அது யாருக்காகவோ திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடந்து கடப்பவராகவும் இருக்கலாம். நடை வேகத்துக்கு வந்து, எட்டிப் பார்த்து, பிறகு போங்கள். என்னைக் கேட்டால் பஸ் உரசியதைவிட இதுதான் புதியவர்களுக்கு அதிகம் நேரக்கூடியது. ஏனென்றால் இங்கே பயமே தோன்றாது.


புதுமிதி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் வழியை மாற்றினேன். யாரும் இதைச் சொல்லவில்லை, எனக்கே தோன்றியது. வரைபடத்தில் குறுக்கு வழியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று வழிகளில் மெதுவாகப் போய்ப் பார்த்தேன். இப்போது போகும் வழி ஒன்றரை கிலோமீட்டர் கூடுதல், ஆனால் பெரிய சாலை நான்கு கிலோமீட்டரிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டது.

இரண்டாம்கியர் அக்கா சொன்ன விரல் பயிற்சியை என் மகனை நிற்க வைத்துச் செய்தேன். முதல் நாள் அவன் காட்டிய விரலை ஒன்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எட்டு விரல் காட்டினான், எட்டு என்று சொல்லிவிட்டு நேராகவும் போனேன். அவன் கைதட்டியதில் விழுந்திருப்பேன்.

மீதியிருக்கும் அந்த ஒரு கிலோமீட்டரில் ஒரு மீட்டர் உள்ளே போகிறேன். முதல் நாள் ஐந்து பேர் ஹாரன் அடித்தார்கள். எண்ணிக்கொண்டே போனேன். பிறகு ஒன்று புரிந்தது: ஹாரன் அடிக்கிறவர் என்னைப் பார்த்துவிட்டவர். செவ்வாய்க்கிழமை பஸ் ஹாரன் அடிக்கவில்லை. இப்போது பஸ்கள் பின்னாலேயே வந்து, பக்கத்துத் தடம் காலியானதும் முழுதாக அதற்கு மாறி முந்துகின்றன. எல்லாம் அல்ல. நேற்றுகூட ஒரு கார் நெருங்கிப் போனது. ஆனால் ஒதுங்க எனக்கு இடம் இருந்தது, ஒதுங்கினேன், அவ்வளவுதான்.

சிக்னலில் லாரிக்குப் பின்னால் நிற்கிறேன். புகை சகிக்கவில்லை.

பயம் போகவில்லை. ஆனால் முன்பு முதுகு முழுவதும் பயமாக இருந்தது. இப்போது குறிப்பிட்ட மூன்று இடங்களில் மட்டும் இருக்கிறது. எந்த மூன்று என்று எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றில், சாலையைக் குறுக்கே வெட்டும் தண்டவாளத்தில், இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். கோழைத்தனமா?


இரண்டாம்கியர் எழுதியது:

இல்லவே இல்லை. தண்டவாளம் சாய்வாகக் குறுக்கிடுகிறதா? அப்படியானால் நேராக ஓட்டினால் சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். செங்குத்தாகக் கடக்க வேண்டும். அதற்கு வண்டியை முன்பே வளைத்து எடுக்க வேண்டும், பின்னால் யாரும் இல்லாதபோது. அதுவரை இறங்கித் தள்ளுங்கள். மழை நாளில் நானே தள்ளிக்கொண்டுதான் போகிறேன். ஈரமான இரும்பும் சாலையில் பூசிய வெள்ளைக் கோடும் ஒன்றுதான், சவுக்காரம் தேய்த்த தரை.


லாரிக்காரன் எழுதியது:

புகைக்கு மன்னிக்கவும் சகோதரி. இன்னும் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். புகையும் குறையும், கண்ணாடியிலும் நன்றாகத் தெரிவீர்கள்.


மழைக்காகம் எழுதியது:

நானும் ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். எதிர்த்திசையில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். கணக்குப்பிள்ளையின் கணக்கால் அல்ல. போன வாரம் சரியான திசையில் வந்த இன்னொரு சைக்கிள்காரரோடு மோதப் பார்த்தேன். அவர் எனக்கு எதிர்த்திசை, நான் எல்லோருக்கும் எதிர்த்திசை, யார் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் இருவரும் நடுச்சாலையில் நின்றோம். இப்போது சரியான பக்கத்தில், ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி ஓட்டுகிறேன். மீட்டர் அல்ல, முழம். அவ்வளவுதான் தைரியம் வருகிறது.


பழையசெயின் எழுதியது:

யாருடைய முழம்?


மழைக்காகம் எழுதியது:

என்னுடையதுதான். நான் சற்றுக் குள்ளம்.


பழையசெயின் எழுதியது:

அப்படியானால் இரண்டு முழமாக்குங்கள்.